பையில் இரண்டு எடைக்கற்கள்: உலக வாணிபமும் நம் கடற்கரை ஏழைகளும்



2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தின் கடைசி ஞாயிறு. திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நின்றிருந்தோம். இறால் பண்ணையில் கூலி வேலை செய்யும் மகனை உடைய தாய் ஒருவர் அருகில் வந்து கேட்டார்: "சாமி, அமெரிக்காக்காரன் வரி போட்டா நம்ம ஊரு எறா வெல ஏன் எறங்குது? நாங்க அவங்களுக்கு என்ன பண்ணோம்?"

அந்த ஞாயிறுக்கு 4 நாள்களுக்கு முன், ஆகஸ்டு 27 அன்று, இந்தியாவிலிருந்து செல்லும் பெரும்பாலான பொருள்களுக்கு அமெரிக்க ஐக்கிய நாடு விதித்த கூடுதல் வரி 50 விழுக்காடாக உயர்ந்திருந்தது. அதில் பாதி, இந்தியா ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்காகப் போடப்பட்டது. எண்ணெய் வாங்கியவர் அந்தத் தாயும் அல்ல, அவர் மகனும் அல்ல. ஆனால் விலை இறங்கியது குளக்கரையில்தான். அன்றைய நற்செய்தி வாசகம், விருந்து வைக்கும்போது ஏழைகளை அழைக்கச் சொல்லும் லூக்கா 14-ஆம் பிரிவு. உலக வாணிபம் என்னும் பெரிய பந்தியில் நம் கடற்கரை ஏழைகளுக்கு எந்த இடம் தரப்பட்டிருக்கிறது? அந்தத் தாயின் கேள்விக்கு விசுவாசத்தின் ஒளியில் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விவிலியம் கூறுவது என்ன?

வாணிபம் பாவம் என்று விவிலியம் எங்கும் கூறவில்லை. ஒரு நிலத்தில் விளைவது மற்றொரு நிலத்துக்குத் தேவைப்படுகிறது. மனிதர் ஒருவரையொருவர் சார்ந்து வாழவே படைக்கப்பட்டிருக்கிறோம். விவிலியம் கண்டிப்பது கள்ளத் தராசை.

இணைச்சட்டம் 25:13-15 ஒரே பையில் பெரிதும் சிறிதுமாக இருவகை எடைக்கற்களை வைத்திருக்கக் கூடாது என்று கட்டளையிடுகிறது. வாங்கும்போது ஒரு கல், விற்கும்போது வேறொரு கல் என்னும் தந்திரத்தையே அது தடுக்கிறது. லேவியர் 19:35-36 இதே கட்டளையைத் தரும்போது, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மக்களை மீட்ட கடவுளின் பெயரால் தருகிறது. அடிமையாய் இருந்து மீட்கப்பட்டவன் அடுத்தவனை எடையில் அடிமைப்படுத்தலாகாது என்பது இதன் பொருள்.

ஆடு மேய்த்து, காட்டு அத்தி மரங்களைப் பராமரித்து வந்த தெக்கோவா ஊர் ஆமோஸ், ஓய்வுநாள் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் என்று காத்திருந்த வணிகரைக் கண்டித்தார். அவர்கள் மரக்காலைச் சிறிதாக்கினார்கள், எடைக்கல்லைப் பெரிதாக்கினார்கள். இறுதியில் ஒரு சோடி காலணிக்கு ஏழையையே விலைக்கு வாங்கினார்கள் (ஆமோஸ் 8:4-6). திருவெளிப்பாடு 18-ஆம் பிரிவு பாபிலோன் வணிகரின் சரக்குப் பட்டியலைத் தருகிறது. பொன்னில் தொடங்கும் அப்பட்டியல் மனித உயிர்களில் முடிகிறது. தராசில் தொடங்கும் அநீதி மனிதரில் போய் முடியும் என்பதை இரு நூல்களும் உணர்த்துகின்றன.

திருச்சபையின் சமூகப் படிப்பினை

1891 மே 15 அன்று திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். "கூலியாள் சம்மதித்துத்தானே குறைந்த கூலிக்கு வந்தான், இதில் அநீதி எங்கே?" என்பது அந்நாளைய முதலாளிகளின் வாதம். திருத்தந்தை அதை ஏற்கவில்லை. பசிக்குப் பயந்து ஒருவன் தரும் சம்மதம் உண்மையான சம்மதம் ஆகாது. அவன் வன்முறைக்கு ஆளானவன் என்று அவர் எடுத்துரைத்தார்.

1964 டிசம்பரில் நற்கருணை மாநாட்டுக்காக பம்பாய் வந்து நம் நாட்டின் வறுமையை நேரில் கண்டவர் திருத்தந்தை 6-ஆம் பவுல். 1967 மார்ச் 26 அன்று அவர் வெளியிட்ட 'பாப்புலோரும் புரோகிரெஸியோ' (மக்களின் முன்னேற்றம்) மடல் அந்தப் பயணத்தையும் நினைவுகூர்கிறது. 13-ஆம் சிங்கராயர் கூலியைப் பற்றிச் சொன்னதை அவர் நாடுகளுக்குப் பொருத்தினார். இரு தரப்பும் மிகவும் சமமற்ற நிலையில் இருக்கும்போது, அவர்கள் ஒப்புக்கொண்டார்கள் என்பதாலேயே ஓர் ஒப்பந்தம் நீதியானதாகி விடாது. ஆகவே தங்குதடையற்ற வாணிபம் என்னும் விதி மட்டும் உலக உறவுகளை நெறிப்படுத்தப் போதாது என்றார் (எண்கள் 58-59). மேலும், செல்வ நாடுகள் தம் சொந்த உழவரையும் தொழிலையும் காக்க அரசுப் பணம் கொடுப்பதைச் சுட்டிக்காட்டி, தமக்கு ஓர் அளவும் ஏழை நாடுகளுக்கு வேறோர் அளவும் வைக்கலாகாது என்றும் கண்டித்தார் (எண்கள் 60-61). இணைச்சட்ட நூலின் இரண்டு எடைக்கற்கள் இங்கே மீண்டும் வருகின்றன.

திருத்தந்தை 2-ஆம் ஜான் பால் 1987-இல் உலக வாணிப முறையே சீர்திருத்தப்பட வேண்டும் என எழுதினார். திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் 2009-இல், பொருளை வாங்குவதும் அறநெறி சார்ந்த ஒரு செயலே எனக் கற்பித்தார். ஆகவே இது அரசியல்வாதிகள் மட்டும் பேசவேண்டிய பொருள் அன்று. நம் மறைக்கல்வியின் பகுதி.

சதுரங்கப்பட்டினக் கோட்டை சொல்லும் பாடம்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை அடுத்துள்ள சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கட்டிய கோட்டை இன்றும் இடிபாடுகளாக நிற்கிறது. இப்பகுதியில் நெய்த மெல்லிய துணிகளை வாங்கிக் கப்பலேற்றவே அவர்கள் இங்கு வந்தார்கள். ஆங்கிலேயக் கம்பெனியின் கையில் செங்கல்பட்டுச் சீமை 1763-இல் வந்து சேர்ந்தது. கம்பெனிகளின் முறை எளிது. இடைத்தரகர் மூலம் நெசவாளிக்கு முன்பணம் கொடுப்பார்கள். முன்பணம் வாங்கியவன் வேறு எவருக்கும் விற்க முடியாது. விலையையும் தரத்தையும் முன்பணம் கொடுத்தவனே முடிவு செய்வான்.

அதே காலத்தில் இங்கிலாந்து என்ன செய்தது? இந்தியாவின் சாயமிட்ட பருத்தித் துணிகள் தன் நெசவாளர்களின் பிழைப்பைக் கெடுக்கும் என்று 1700-இலும் 1721-இலும் தடைச் சட்டங்கள் இயற்றியது. பின்னர் தன் ஆலைத் துணி பெருகியதும் இந்தியச் சந்தையைத் திறந்துவிட்டது. தனக்குப் பாதுகாப்பு ஒரு கல். நமக்குத் திறந்த சந்தை மற்றொரு கல். நெசவாளி சம்மதித்துத்தான் முன்பணம் வாங்கினான். அந்தச் சம்மதம் அவனைக் காப்பாற்றவில்லை.

ஆழிப்பேரலையும் இறால் வரியும்

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2003 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவின் தென்பகுதி இறால் மீனவர் சங்கத்தார், இந்தியா, தாய்லாந்து, வியட்நாம், சீனா, பிரேசில், ஈக்வடார் ஆகிய 6 நாடுகள் இறாலை நியாயமற்ற குறைந்த விலைக்குக் கொண்டுவந்து கொட்டுகின்றன என்று முறையிட்டார்கள். விசாரணை ஓராண்டு நடந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியது. நாம் இறந்தோரை அடக்கம் செய்துகொண்டிருந்த நாள்களில், 2005 சனவரி முதல் வாரத்தில், அமெரிக்க வணிக ஆணையம் வரிக்கு ஆதரவாக வாக்களித்தது. பிப்ரவரி 1 முதல் இந்திய இறாலுக்குப் பொதுவாக 10.17 விழுக்காடு தடுப்பு வரி வந்தது. பேரலையால் பாதிக்கப்பட்ட இந்தியாவுக்கும் தாய்லாந்துக்கும் விலக்குத் தரலாமா என்று அந்த ஆணையமே பின்னர் ஆராய்ந்து, 2005 நவம்பரில் முடியாது எனத் தீர்மானித்தது.

இதோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, இவ்வாறு வசூலாகும் வரிப் பணம் முறையீடு செய்த உள்நாட்டு நிறுவனங்களுக்கே பகிர்ந்து தரப்பட்டது. வழக்குப் போட்டவருக்கே அபராதப் பணம் என்னும் இந்த ஏற்பாட்டை இந்தியா உள்ளிட்ட பல நாடுகள் எதிர்க்க, 2003 சனவரியில் உலக வர்த்தக அமைப்பு அது விதிமீறல் என்று தீர்ப்பளித்தது. 2006-இல் அச்சட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. இறால் இறக்குமதியாளர்கள் வரியோடு பெரும் பிணைத்தொகையும் கட்டவேண்டும் என்ற விதியையும் இந்தியா எதிர்த்து வழக்காடி, 2008 சூலையில் வென்றது. பொதுவான விதியும் பொதுவான நடுவரும் இருக்கும்போது எளியவனுக்கும் வழி பிறக்கிறது என்பதை இந்தத் தீர்ப்புகள் காட்டுகின்றன. விதிகளே வேண்டாம் என்பது வலியவனின் வாதம்; விதிகள் நேர்மையாய் இருக்கட்டும் என்பதே திருச்சபையின் வாதம்.

இங்கே மறுபக்கத்தையும் பார்ப்பது நீதி. முறையிட்ட லூசியானா, டெக்சாஸ் கடலோர மீனவரும் நம்மைப் போலவே படகை நம்பி வாழ்பவர்கள். அவர்களுள் வியட்நாமிலிருந்து குடியேறிய கத்தோலிக்கக் குடும்பங்கள் பல உண்டு. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் அவர்களின் படகுகளையும் வீடுகளையும் வாரிச் சென்றது. குறைந்த விலை இறால் வந்து குவிந்தபோது அவர்களின் அடுப்பும்தான் அணைந்தது. எனவே அமெரிக்க மீனவன் நம் எதிரி அல்லன். இரு கரையின் ஏழைகளையும் மோதவிட்டு, இடையில் இலாபம் பார்க்கும் முறையே திருத்தப்பட வேண்டியது.

இதன் அளவையும் அறிந்துகொள்வோம். 2023-24-ஆம் ஆண்டில் இந்தியா ஏற்றுமதி செய்த கடல் உணவு சுமார் 17.8 லட்சம் டன். மதிப்பு 60,500 கோடி ரூபாய்க்கு மேல். அதில் ஏறத்தாழ 40,000 கோடி உறைய வைத்த இறாலுக்கு உரியது. அதை மிகுதியாக வாங்கிய நாடு அமெரிக்கா. ஒரே வாங்குபவரை நம்பி நிற்பவர், அவர் முகம் சுளித்தால் நிலைகுலைவார். சுமை மேலிருந்து கீழே இறங்கும். ஏற்றுமதியாளர் பண்ணைக்காரருக்குத் தரும் விலையைக் குறைப்பார். பண்ணைக்காரர் கூலியாளை நிறுத்துவார். இறால் உரிக்கும் கூடத்தில் பெண்களுக்கு வேலை நாள் குறையும். கோவில் வாசலில் அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: அவர் ஒன்றும் செய்யவில்லை, வரிசையில் கடைசியில் நிற்கிறார், அவ்வளவே.

கடலிலும் இரண்டு எடைக்கற்கள்

பண்ணையை விட்டுக் கடலுக்கு வருவோம். கோவளம், மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் எனத் தொடரும் குப்பங்களில் பெரும்பாலோர் சிறு கண்ணாடியிழைப் படகுகளில் எஞ்சின் பூட்டிச் சென்று, ஒரு பொழுதில் கரை திரும்புபவர்கள். உலகின் வேறு பகுதிகளிலோ பெரும் கப்பல்கள் மாதக்கணக்கில் தொலைதூரக் கடல்களை அரித்தெடுக்கின்றன.

உலக அரசுகள் மீன்பிடித் தொழிலுக்கு ஆண்டுதோறும் தரும் மானியம் சுமார் 3,500 கோடி டாலர் என்றும், அதில் 2,200 கோடி டாலர் அளவுக்கு மிகையான மீன்பிடிப்பைத் தூண்டுவது என்றும் ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். இதைக் கட்டுப்படுத்த 2022 சூன் 17 அன்று ஜெனீவாவில் ஓர் ஒப்பந்தம் ஏற்கப்பட்டு, 2025 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. மீன் வளம் காக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. மீன் அழிந்தால் முதலில் பட்டினி கிடப்பது மீனவனே. ஆனால் எந்த மானியம் கெட்டது, எது உயிர் காப்பது?

ஜெனீவாவில் இந்திய வணிக அமைச்சர் பியூஷ் கோயல் எழுப்பிய கேள்வி இதுவே. இந்தியாவில் ஒரு மீனவக் குடும்பத்துக்கு ஆண்டுக்குக் கிடைப்பது சுமார் 15 டாலர். சில நாடுகளிலோ 42,000 முதல் 75,000 டாலர் வரை என்று அவர் கூறினார். நம் படகுக்குக் கிடைக்கும் எரிபொருள் சலுகையும், பெரும் கப்பலுக்குக் கிடைக்கும் கோடிகளும் 'மானியம்' என்னும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. ஆனால் ஒன்று கஞ்சிக்கு, மற்றொன்று இலாபத்துக்கு. தொலைதூரக் கடலில் மீன்பிடிக்கும் நாடுகள் அதற்கான மானியத்தை 25 ஆண்டுகளுக்கு நிறுத்தவேண்டும், வளரும் நாடுகளுக்குத் தம்மைத் திருத்திக்கொள்ள அதே அளவு காலம் தரவேண்டும் என இந்தியா கோரியது. 2024-இல் அபுதாபியில் கூடிய மாநாட்டில் இவ்விவாதம் முடிவின்றிக் கலைந்தது.

இந்த நீதிக்காக உழைத்த ஒரு குருவை இங்கே நினைவுகூர்வது நம் கடமை. 1991-இல் ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு அயல்நாட்டுக் கூட்டு நிறுவனங்களை மைய அரசு அனுமதித்தபோது, தேசிய மீன்தொழிலாளர் பேரவையை வழிநடத்தி எதிர்த்தவர் இரட்சகர் சபைக் குரு தந்தை தாமஸ் கோச்சேரி. நாடு முழுவதும் கடலோர மக்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1995-இல் போர்பந்தரில் அவர் உண்ணாநோன்பு இருந்தார். அரசு அமைத்த முராரி குழு, 1996-இல் அந்த உரிமங்களை நீக்கப் பரிந்துரைத்தது. தந்தை அவர்கள் 2014-இல் இறைவனடி சேர்ந்தார்கள். ஏழையின் விண்ணப்பம் ஒன்றுதிரண்டால் ஆட்சியாளரின் செவிக்கு எட்டும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

ஏற்றுமதி எல்லாம் நன்மைதானா?

அதிகம் ஏற்றுமதி செய்தால் ஏழை வாழ்ந்துவிடுவான் என்ற எண்ணமும் முழு உண்மை அல்ல. 1990-களில் இறால் பண்ணைகள் பெருகியபோது, தமிழகக் கடலோரத்தில் நெல் விளைந்த நிலம் உவர்த்தது. குடிநீர்க் கிணறு உப்பேறியது. குப்பத்து மக்கள் கடலுக்குப் போகும் வழி அடைபட்டது. காந்தியவாதியான எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பர் 11 அன்று, கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் பெரும் இறால் பண்ணைகளுக்குத் தடை விதித்தும், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கவும் தீர்ப்பு வந்தது. 2005-இல் வந்த சட்டம் பண்ணைகளைப் பதிவுக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்படுத்தி அனுமதித்தது.

வெளிநாட்டுத் தட்டுக்கு இறால் போகையில் உள்ளூர்க் குடத்துக்கு நல்ல தண்ணீர் இல்லாமல் போனால், அந்த வாணிபத்தின் உண்மையான விலையை ஏழையே கட்டுகிறான். எனவே நாம் கேட்பது கூடுதல் வாணிபத்தை அல்ல, நீதியான வாணிபத்தை.

நம் பையில் உள்ள கற்கள்

செல்வ நாடுகளைக் குறைகூறி முடித்துவிடுவது எளிது. ஆண்டவர் நம் பையையும் திறந்து பார்க்கச் சொல்கிறார்.

நம் கடற்கரையில் விடியற்காலையில் மீன் ஏலம் நடக்கிறது. வலைக்கும் எஞ்சினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், பிடித்ததை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்கிறார். சதுரங்கப்பட்டினத்து நெசவாளியின் கதை இன்றும் குப்பத்தில் தொடர்கிறது. முன்பணம் கொடுப்பவருள்ளும் நம் பங்கு மக்கள் இருக்கலாம். கூலியைப் பிடித்தம் செய்தவரின் அநீதி ஆண்டவரின் செவிக்கு எட்டும் என்னும் யாக்கோபு 5:4 அமெரிக்காவுக்கு மட்டும் எழுதப்பட்டதன்று.

மாமல்லபுரத்துச் சிற்பிகளைப் பாருங்கள். அவர்களின் கற்சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் செய்ததை மாமல்லபுரச் சிற்பம் என விற்க இயலாதபடி உலக வாணிப விதிகளின் வழியே வந்த பாதுகாப்பு அது. நல்லது. ஆனால் கருங்கல் தூசியை நாள் முழுவதும் சுவாசித்து உளி பிடிப்பவருக்குச் சேரும் கூலி என்ன? நம் பங்குகளில் பலிபீடமும் திருமுழுக்குத் தொட்டியும் செய்யச் சொல்லும்போது, "கோவில் வேலைதானே, குறைத்துக்கொள்ளுங்கள்" என்று எத்தனை முறை பேரம் பேசியிருக்கிறோம்! நாமும் அவ்வாறு பேசியதுண்டு என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். கடவுளின் பெயரால் கேட்டால் சிற்பி மறுக்கமாட்டார். அதுவும் வழியற்றவரின் சம்மதமே.

மாற்று வழி உண்டு. கேரளத்தில் திருவனந்தபுரம் மறைமாவட்டச் சமூகப்பணியில் உருவான மரியநாடு என்னும் மீனவக் குடியிருப்பில், மக்கள் தாங்களே சங்கம் அமைத்து முதல் விற்பனையைத் தம் கையில் எடுத்தார்கள். சங்கமே ஏலம் விடும், கடன் தரும், சேமிப்பும் சேர்க்கும். அத்தகைய சங்கங்கள் பெருகி, 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக வளர்ந்தன. தராசு உழைப்பவன் கைக்கு வந்தபோது விலையும் வந்தது. தனித்து நின்ற சம்மதம் பலவீனமானது. கூடி நின்று தரும் சம்மதமே சுதந்திரமானது.

நாம் செய்யக்கூடியவை

1. மீனும் கீரையும் விற்கவரும் தாய்மாரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுவதை விடுவோம். கடையில் அச்சிட்ட விலையைக் கேளாமல் கொடுக்கும் நாம், கூடைக்காரியிடம் மட்டும் கறாராய் இருப்பது இரட்டை எடைக்கல் அல்லவா?

2. பங்குகளில் சுய உதவிக் குழுக்களும் அன்பியங்களும் மீனவரின் முன்பணக் கடனை மீட்க ஒரு சுழல்நிதி தொடங்கலாம்.

3. கோவில் வேலைகளுக்குச் சிற்பிக்கும் கொத்தனாருக்கும் முழுக்கூலியை, முடித்த அன்றே கொடுப்போம்.

4. நம் பிள்ளைகளுக்கு உலக வாணிப விதிகளைக் கற்பிப்போம். நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் வாக்குக் கேட்டு வரும்போது, மீனவரும் நெசவாளரும் பாதிக்கப்படும் ஒப்பந்தங்களில் அவர்கள் நிலைப்பாடு என்ன என்று கேட்போம்.

5. வெளிநாட்டில் வாழும் நம் உறவினர்கள், அங்குள்ள பங்குகளில் ஏழை நாடுகளின் நியாய விலைப் பொருள்களை வாங்கத் தூண்டுகோலாகலாம்.

சிந்தனைக்கு

நம் வீட்டில், கடையில், அலுவலகத்தில் எத்தனை எடைக்கற்கள் வைத்திருக்கிறோம்? வேறு வழியில்லாமல் ஒருவர் "சரி" என்று சொன்ன விலையை, நியாய விலை என்று நாம் எப்போது நம்பினோம்?

உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் சீடர்களுக்குக் காலை உணவு ஆயத்தம் செய்தார். இரவெல்லாம் உழைத்துக் களைத்தவர்களை அழைத்து, முதலில் உண்ணச் செய்தார் (யோவான் 21). உழைத்தவர் முதலில் உண்ணும் அந்தக் கரையே நாம் கட்டியெழுப்ப வேண்டிய உலகம்.

நீதியின் ஆண்டவரே, எங்கள் தராசை நேராக்கும். கடல்மேல் செல்வோரையும், கல் செதுக்குவோரையும், தறியில் இருப்போரையும், இறால் உரிக்கும் எம் தாய்மாரையும் ஆசீர்வதியும். வலியவரின் மனத்தை இளக்கும். எளியவரை ஒன்றுசேர்த்து நிமிரச் செய்யும். ஆமென்.